டீக்கடைக்காரரின் கரண்ட் அடுப்பு

இன்று காலை தலை துவட்டும்போது துண்டில் ஈயப் புகையின் வாசனை அடித்தது. நேற்றெல்லாம் மேசைமேல் குனிந்திருந்ததில் முடியில் ஏறியது, குளித்தும் போகவில்லை. உடனே உங்களைத்தான் நினைத்தேன் என்றால் பொய். யார் யாருக்கு வேலை முடித்துத் தர வேண்டும் என்பதுதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் நீங்கள்.

கீழ்வேளூர் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் நின்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில், கரண்ட் நிறுத்தியிருந்த கம்பியில் நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்கோ ஒரு வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கரண்ட் கம்பி வழியே திரும்பி வந்து உங்களை அடித்தது. உயிர் மிஞ்சியது. வலக்கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு சம்பா முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தீர்கள். அறுவடை முடிந்த பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, போனில் சர்க்யூட் போர்டு ரிப்பேர் வீடியோ ஒன்றைப் பார்த்தீர்கள். "போர்டு வேலைக்குக் கம்பம் ஏற வேணாம்ல," என்றீர்கள். அத்தனை நாளில் நீங்களாகப் பேசியது அதுதான்.

ஆனால் ஒரு கையில் சால்டரிங் அயன் என்றால் ஈயத்தைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். "இங்க வா, இதப் புடி" என்று கூப்பிட்டீர்கள். பிடிக்க வந்தவள், கொஞ்ச நாளில் பற்றவைக்கவும் ஆரம்பித்தேன். எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது நீங்கள், கழற்றி மாட்டுவது நான். விரல் தடிமன் கம்பியோடு இருபது வருடம் பழகியவருக்குக் குருணை அளவுச் சாமான்கள் பிடிபடவில்லை. "திரும்ப ஒண்ணாங் கிளாஸ்ல உக்காந்த மாதிரி இருக்குடி," என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

யார் வந்து கேட்டாலும், "நான்தான் பாத்தேன்" என்பீர்கள். நான் உள்ளே போய்விடுவேன். வேளாங்கண்ணி டீக்கடைக்காரர் ஒருநாள் சொல்லாமல் வந்து, அயனோடு என்னைப் பார்த்துவிட்டார். "அட, அண்ணிதான் மெக்கானிக்கா?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே வியந்தார். அவர் போனதும், "நீ எழுந்திரு" என்றீர்கள். இரண்டு நாள் இடக்கையால் தனியாக முயன்று, ஒரு போர்டைக் கருக்கினீர்கள். மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்க்காமல், "வா" என்றீர்கள்.

பிறகு சர்க்கரை. காலில் வந்த புண் ஆறவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தபோது அதே டீக்கடைக்காரரின் கரண்ட் அடுப்பு பாதி வேலையில் கிடந்தது. என் அக்காவை உங்களோடு இருக்கவைத்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்கு வந்து நானே முடித்தேன். ரிப்பேர் பார்த்த போர்டுக்கு முதலில் குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் விட வேண்டும். கோளாறு மிச்சமிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து போர்டைக் காப்பாற்றிவிடும். தினமும் நீங்கள் சொல்வதுதான். அன்று அவசரத்தில் நேராக பிளக்கைச் சொருகினேன். 'டப்' என்று வெடித்து, வீடெல்லாம் புகை.

மறுநாள் வார்டில் கண் திறந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"அந்த அடுப்பு என்னாச்சு?"

"எரியுதுங்க. நல்லா எரியுது."

"நீயேவா பாத்த?"

"ஆமாங்க."

"அப்ப இனிமே நான் வேண்டியதில்ல," என்றீர்கள்.

உங்களைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு கஞ்சியைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்ததும் டீக்கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். வெடித்த சாமானை மாற்றி, பல்பு போட்டுப் பார்த்து, அடுப்பை எரியவைத்துக் கொடுத்தேன். இப்போது ரிப்பேர் வேலை முழுக்க என் கையில்தான் ஓடுகிறது. நல்லா செய்றீங்க என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அன்று நீங்கள் நிம்மதியாகச் சொன்னீர்களா, மனசு விட்டுப்போய்ச் சொன்னீர்களா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "வெடிச்சிடுச்சுங்க, எனக்குத் தெரியல, நீங்க எழுந்து வாங்க" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட.