வேளாங்கண்ணி வண்டிக்கு ஒரு ஃபேன்

2003 ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் என் மனைவி கேத்தரின் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு என் டெம்போவில் வரவேண்டுமானால் உள்ளே ஃபேன் ஓட வேண்டும். இல்லையென்றால் தங்கை லீனாவோடு ரயில்.

"போன வருஷம் இட்லியாட்டம் வெந்து எறங்குனேன். மறுபடி வேணாம், பேடவே பேட."

பழைய பேக்கரி டெம்போவை வாங்கி, கட்டில் போட்டு, திரை தைத்து வீடாக்கியதே இவளோடு ஊர் சுற்றத்தான். இவள் ரயிலேறினால் நான் யாரோடு போவது — ஸ்டவ்வோடா?

ஆகஸ்ட் 20

சோலார் தகடு வாங்கியாயிற்று. பேட்டரி வேண்டாம், வெயில் பட்டால் ஃபேன் நேராகச் சுற்றும். புழுக்கம் கொடுக்கிற வெயிலே காற்றும் கொடுக்கட்டும் என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23

எதிர்வீட்டு மதலைமுத்துவும் நானும் டெம்போ கூரையில். நாலு ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஏழு போட்டோம். மீதி மூன்றைத் தார் வைத்து அடைத்தோம்.

ஃபேன் சுற்றியது. கேத்தரின் உள்ளே வந்து உட்கார்ந்து, "ம், பரவாயில்ல" என்றாள். பிறகு லீனாவுக்குப் போன் போட்டு டிக்கெட் வேண்டாம் என்றாள். இன்று எங்கள் விவேக் நகருக்கே நான்தான் ராஜா.

ஆகஸ்ட் 26

மழை. தார் வைத்த மூன்றில் ஒன்று ஒழுகுகிறது. அவள் தலையணைப் பக்கம் இல்லை, தப்பித்தேன்.

ஆகஸ்ட் 29, ஒசூருக்கு முன்னால்

காலையில் ஃபாதர் வண்டியை மந்திரித்தார். வழக்கப்படி மாதா சுரூபத்தைக் கண்ணாடிக் கூண்டோடு கூரையின் முன்பக்கம் கட்டி, மல்லிகை சுற்றிக் கிளம்பினோம்.

ஒசூர்கூட வரவில்லை, ஃபேன் நின்றுவிட்டது. ஒயர் சரி. ஃபேனும் சரி. மேலே ஏறிப் பார்த்தால் — வெயில் எதிரே, மாதாவின் நிழல் அப்படியே தகட்டின் மேல். எல்லாம் யோசித்த மடையன் மாதாவை யோசிக்கவில்லை.

மாதாவைப் பின்னால் நகர்த்தட்டுமா என்று கேட்டேன்.

"மாதாவ பின்னால வெச்சுட்டு நீங்க முன்னால போவீங்களா? எறக்கி விடுங்க. லீனாவுக்கு ரயில் ராத்திரிதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருக்கட்டும் என்று பெங்களூர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். நிழல் அந்தப் பக்கம் போயிற்று. ஃபேன் சுற்றியது. அவள் கட்டிலில் காலை நீட்டினாள்.

வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிற கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. "என்னாங்க, அதுக்குள்ள திருவிழா பாத்துட்டுத் திரும்பிட்டீங்களா?"

உள்ளேயிருந்து கேத்தரின், கண்ணைத் திறக்காமலே: "நீங்க முன்னால நடங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் பின்னாடியே வர்றோம்."