அம்மா பெட்டியில் சிக்னல் புத்தகங்கள்

8/10, புதன்

காலையிலிருந்து மழை. சுவருக்குச் சாயம் அடிக்க முடியாது. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள். ஸ்டோர் ரூமைக் காலி பண்ணு என்று என் மனைவி க. மூன்று நாளாக நச்சரிப்பு. இன்று இறங்கினேன்.

எறிந்தவை: ஓடாத மின் காற்றாடி 2, சாய டின் 5, ஓட்டைக் கொசுவலை. எறியாதது: அம்மாவின் தகரப் பெட்டி. மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது, ஒரு தடவையும் திறந்ததில்லை. சாவி இல்லை. சுத்தியலால் பூட்டைத் தட்டினேன்.

குத்துவிளக்கு, மணி, சந்தனக் கல், சரஸ்வதி படம். அடியில் மஞ்சள் துணி மூட்டை. பிரித்தால் மூன்று தடிப் புத்தகம். ரயில்வே சிக்னல் புத்தகங்கள். கம்பி, லீவர், எதை இழுத்தால் எது பூட்டிக்கொள்ளும் என்ற பட்டியல் எல்லாம் இருக்கிறது. இலாகா முத்திரை. முதல் பக்கத்தில், பெற்றுக்கொண்டவர் என்று என் கையெழுத்து.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவை காதர் திருடிய புத்தகங்கள். என் வீட்டில் எப்படி?

9/10, வியாழன்

வெயில். சாயம் அடிக்கவில்லை. கால்வலி என்று க.விடம் பொய்.

எழுதிப் பார்த்தால் தெளியுமா பார்ப்போம். நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். நானும் காதரும் ஒரே ஸ்டேஷனில் சிக்னல் வேலை. பரீட்சை வந்தது, மேலே போக இருந்தது ஒரே இடம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செட் புத்தகம், என் பெயரில். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காணோம். வீட்டுக்கு வந்து போகிற ஆள் காதர் ஒருவன்தான். அவன்தான் எடுத்தான் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது. பரீட்சைப் பட்டியலில் அவன் பெயரை அடித்தார்கள், அவன் வேலையை விட்டே போய்விட்டான். எனக்கு வேறு செட் கொடுத்தார்கள். பாஸ். அந்த வேலையில்தான் பென்ஷன் வாங்கினேன்.

இப்போது கேள்வி:
1. காதரே திருப்பிக் கொண்டுவந்து வைத்தானா? பூட்டின பெட்டிக்குள் எப்படி வைப்பான்? சாவி அம்மா முந்தானையில்.
2. அம்மா ஒளித்து வைத்தாளா? எதற்கு? அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது.
3. வேறு செட்டா? என் கையெழுத்து இருக்கிறதே.

மூன்றும் சரியில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கணும்.

10/10, வெள்ளி

க. பார்த்துவிட்டாள். "இந்தக் கரையான் தின்ன குப்பைய வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க? பழைய பேப்பர் லோரி வருது, போடுங்க லா."

பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, "இது பூசையில வச்ச புக்கு லா. அட்டையில பொட்டு இருக்கே."

மூன்றிலும் சந்தனப் பொட்டு, குங்குமம். இரண்டு நாளாகக் கண்ணெதிரே இருக்கிறது. கறை என்று நினைத்திருக்கிறேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. வைத்தது நான்தான். பரீட்சை பயத்தில் நானே குளித்துவிட்டுப் போய், சரஸ்வதி பூசைக்குப் படத்தின் முன் அடுக்கினேன். அன்றைக்குப் படிக்கக் கூடாது, மறுநாள் எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். மறுநாள் விடியுமுன் ஆள் வந்து கூப்பிட்டான், வேறு ஸ்டேஷனில் ஆள் இல்லை என்று. ஒன்பது நாள் அங்கே. அம்மா பூசைச் சாமானோடு சேர்த்து மூட்டை கட்டிவிட்டாள். திரும்பி வந்து அவளிடம், "தண்டவாளப் புத்தகம் பாத்தியா?" என்று கேட்டதுகூட நினைவு. அவளுக்கு அவை சாமி புத்தகம். பார்க்கவில்லை என்றாள். தை மாதம் போய்ச் சேர்ந்தாள். பெட்டியை யாரும் தொடவில்லை.

ஆக, யாரும் திருடவில்லை. தேடாத ஒரே இடம் அது. ஏன் தேடவில்லை? நான் வைத்தது எனக்கே எப்படி மறந்தது? புரியவில்லை. பயமாக இருக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. க. ரசம் வைத்துக் கொடுத்தாள்.

11/10, சனி

காதருக்கு சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை. அந்த ஊருக்குப் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவது என் வழக்கம். திருடன் முகத்தில் முழிக்கக் கூடாதாம்.

மோட்டாரில் போனேன். கடை எதிரில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சீப்புப் பிசாங் பழம் வாங்கிக்கொண்டு புந்தோங் வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

க.: "பழம் வாங்க சுங்கை சிப்புட்டா?"

கோழை. வேறென்ன.

12/10, ஞாயிறு

மூட்டம். மறுபடி போனேன். க.விடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் திட்டவில்லை. புத்தகங்களைப் புதுத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

காதர் கல்லாவில். தாடி முழுக்க வெள்ளை. பார்த்ததும் தெரிந்துகொண்டான். "வாங்க. உக்காருங்க," என்றான். என்னை 'டா' போடாமல் பேசியதே இல்லை அவன்.

மேசையில் வைத்து அவிழ்த்தேன். பொட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"எங்க இருந்துச்சி?"

"அம்மாவோட பூசப் பெட்டில. நாந்தான் வச்சிருக்கேன், காதர். மறந்துட்டேன். உன்ன திருடன்னு எழுதிக் குடுத்தேன். மன்னிச்சிக்க." அழுதுவிட்டேன். பக்கத்து மேசையில் ரொட்டி தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூசையில இருந்துச்சின்னு எனக்குத் தெரியும் லா," என்றான்.

"என்னா தெரியும்?"

"அன்னைக்கு உங்க வீட்டுல சுண்டல் சாப்பிட வந்தேன்ல. சாமி படத்துக்கு முன்னால பாத்தேன். நீங்க தேடுனப்ப மொத ஆளா நாந்தான் சொன்னேன், பூசச் சாமான்ல பாருடான்னு."

"நான் என்னா சொன்னேன்?"

"எங்க சாமி சாமானப் பத்தி நீ பேசாதன்னு சொன்னீங்க."

மகனைக் கூப்பிட்டு எனக்கு நுரை பொங்க ஒரு தே தாரேக் ஆற்றிக் கொடுக்கச் சொன்னான். புத்தகங்களைத் துணியில் கட்டி என் பக்கம் நகர்த்தினான். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அப்படிச் சொன்னதாக எனக்குத் துளியும் நினைவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லியிருப்பேன்.