நீளக் குழலின் கணக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் தம்பியைக் கொன்ற தோட்டாவுக்கு வேறு துப்பாக்கியின் குழலைப் பொருத்திக் காட்டியிருக்கிறாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடிகிறது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பாவின் இருமல் அப்படியேதான், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிரில் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பெரியம்மாதான் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறாள். அவள் மகன், உயரத்துக்காக நாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவன், நம் தோட்டா ஆலை வாசலில் சுடப்பட்டு விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. வரும்போதெல்லாம் நம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "சித்தி, வீட்டக் கொஞ்சம் உயத்திக் கட்டுங்க" என்பானே, இப்போது அந்த நிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தலை தானாகக் குனிகிறது.

விசாரணைக்கு வந்த தோட்டா ஆய்வறிக்கையின் நகலைச் சங்கச் செயலாளர் கொண்டுவந்து, "அக்கா, நீங்கதான் சோதனைக் கொட்டகையில இருக்கீங்க, படிச்சுச் சொல்லுங்க" என்றார். கடைசிப் பக்கத்தில் உன் பெயர். அவரும் பார்த்தார், பார்க்காதவர்போல் எழுந்து போனார். உன் ஆய்வுக்கூடத்தில் செத்த ஆளுக்கு எண் மட்டுமே போடுவார்கள், அது யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆலையும் தேதியும் முதல் வரியிலேயே இருக்கின்றன.

பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலை இது. ஒரே பெட்டித் தோட்டாவை நீளக் குழலிலும் கட்டைக் குழலிலும் சுட்டு வேகத்தை அட்டவணையில் குறிக்கிறேன். கட்டைக் குழலில் வெடிமருந்து முழுதாக எரிவதற்குள் குண்டு வெளியே பாய்ந்துவிடும். நெருப்பும் சத்தமும் பெரிது, வேகம் குறைவு. எந்தக் குழலானாலும் போகப் போகக் காற்று வேகத்தைத் தின்றுவிடும். நல்ல வேகம் இருக்கும்வரைதான் நம் ஆலைக் குண்டு உடம்புக்குள் சிதறும், தளர்ந்துவிட்டால் முழுசாகத் துளைத்துப் போய்விடும். ஒட்டகத்தின் நெஞ்சில் ஏழு துண்டு என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு நீளக் குழலின் அட்டவணையை எடுத்து, நூற்றைம்பது மீட்டரிலும் சிதறும் என்கிறாய். அவ்வளவு தூரத்தில் தண்ணீர்த்தொட்டி மேல் நின்ற காவலன் போராட்டக் கூட்டத்துக்கு மேலே சுட்டது தவறிப் பட்டதாம். காவலர் கையில் இருப்பதெல்லாம் கட்டைத் துப்பாக்கி. அந்தக் குழலில் மாதாமாதம் சுடுகிறவள் நான். ஐம்பது மீட்டரைத் தாண்டினால் அதில் குண்டு சிதறாது, அப்படியென்றால் சுட்டவன் அதற்குள்தான் நின்றிருக்கிறான். ஐம்பது மீட்டரில் ஒருவன் வாய் அசைவதுகூடத் தெரியும். ஈயத் தூசியை வெளியே இழுக்க ஒரு காற்றாடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த வாய் அது.

"பையனுக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோ, விடு" என்கிறார் அப்பா. நெருக்கடி யாருக்கு இல்லை? மருந்துக் கொட்டகையில் இருமிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு இல்லாததா? ஊர் வாயை மூடலாம், அட்டவணையின் வாயை எப்படி மூடுவாய்? பெரியம்மா தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள மூஞ்சியப் பாத்துட்டா சுட்டான்?" என்று கேட்கிறாள். தெரியாது என்று பொய் சொல்கிறேன். உன் கையெழுத்தை அவளிடம் காட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு. பெற்ற வயிறு வேறென்ன சொல்லும்? இருபதாம் தேதி விசாரணை முடிகிறது, மறந்துவிடாதே. முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

கட்டைக் குழல் என்று தெரிந்துதான் எழுதினாயா? ஒரு வரி போடு.