ஹாலைச் சுற்றி ஓர் ஒயர்

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று அப்பா சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே நம்புகிற காலம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். மெசேஜ் அனுப்பலாமே என்பாய். மெசேஜ் எல்லாம் அவர் போனில்தானே போகும், வரும். இதை நானே நடந்து போய்த் தபாலில் போடப் போகிறேன்.

நீ பேசி நான் காதால் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது, யோசித்துப் பார். போனை ஒட்டி வைத்தால் என் காது மெஷின் கீச்சென்று கத்துகிறது. ஸ்பீக்கரில் போட்டால் நீ தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி இரைகிறாய். அதனால் நீ அப்பாவிடம் பேசுவாய், அப்பா எனக்குச் சொல்வார். நீ மூச்சுவிடாமல் அரை மணி நேரம் பேசுவது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். என்னிடம் வந்து சேருவதோ, நல்லா இருக்காளாம், சாப்பிட்டாளாம், உன்னைக் கேட்டாளாம். அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளிய மனுஷன். மேலே, கீழே, நின்னுபோச்சு, இந்த மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்தியவர். அவரிடம் போய் நீ சிரித்ததையும் சலித்துக்கொண்டதையும் கேட்டால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சரி, முதலில் நல்ல சேதி. நம் ஹாலைச் சுற்றி இப்போது ஓர் ஒயர் ஓடுகிறது. காது பரிசோதிக்கிற பெண், போன முறை போனபோது என் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் 'டி' என்று ஒன்று இருக்கிறதே, யாரும் போட்டுக் கொடுக்கவில்லையா என்று கேட்டாள். இத்தனை நாள் அது என் காதுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்து, டிவியையும் ஒரு மைக்கையும் அதில் மாட்டி, அதிலிருந்து ஓர் ஒயரை அறையைச் சுற்றி ஓட்டினால், மெஷினை 'டி'யில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு டிவியும் மைக்கும் மட்டும் நேராகக் காதுக்குள் பேசும் என்றாள். மின்விசிறி, தெருவில் போகிற வண்டி, பாத்திரச் சத்தம், ஒன்றும் வராதாம்.

லிஃப்டையே ஏத்தி இறக்கினவனுக்கு ஓர் ஒயர் பெரிய வேலையா என்று அப்பா தானே இறங்கினார். கரண்ட் ஒயர் போகிற குழாயிலேயே இதையும் நுழைத்து, மிஞ்சிய ஒயரை அழகாகச் சுருட்டி டிவிக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு வைத்தார். நான் மெஷினை 'டி'க்கு மாற்றினேன். 'ங்ங்ங்' என்று ஒரே ரீங்காரம். டிவியை ஒட்டி நின்றால் செய்தி வாசிப்பவர் காதைப் பிய்க்கிறார், சோபாவில் உட்கார்ந்தால் வாயை மட்டும் அசைக்கிறார். அப்பாவுக்கு வந்ததே கோபம். மெஷின் சரியில்லை, டிவி சரியில்லை, கடைசியில் நான் உட்கார்ந்த விதம் சரியில்லை.

பிறகு அந்தப் பெண்ணே ஓர் ஆளை அனுப்பினாள். பெரிய கூட்ட அரங்குகளுக்கெல்லாம் இந்த வேலை செய்கிறவராம். நாங்கள் ஒயர்காரர் என்றுதான் கூப்பிட்டோம். வந்தவர் அப்பாவின் முடிச்சைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யார் ஸார் இவ்வளவு நேர்த்தியா சுத்தினது என்று கேட்டார். அதிலேயே அப்பா குளிர்ந்துவிட்டார். அப்புறம் அதையெல்லாம் அவிழ்த்து, கரண்ட் ஒயரை விட்டு விலக்கி, சுவர் அடியோரமாகவே ஒரு சுற்று ஓட்டினார். கையில் ஒரு மீட்டரை உட்கார்ந்தவர் காது உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்க மெள்ள நடந்து பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும் அப்பாவிடம் மைக்கைக் கொடுத்து ஏதாவது பேசச் சொன்னார். அப்பா கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, கேக்குதா என்றார், ரொம்ப மெதுவாக. அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததையே நான் மறந்து போயிருந்தேன். இத்தனை வருஷமாக எனக்காகக் கத்திக் கத்தியே பேசுகிறவர். கத்திச் சொன்னால் எதுவும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும். டீ வேணுமா என்று அவர் கேட்பது பக்கத்து வீட்டுக்குப் பஞ்சாயத்து மாதிரி கேட்கும். அன்றைக்கு அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் அவர் முதுகைப் பார்த்தே தலையை ஆட்டினேன். ஒயர்காரர் பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

இன்னொரு வேடிக்கை, இது தலை நிமிர்ந்திருந்தால்தான் சரியாகக் கேட்கும். சோபாவில் சாய்ந்து படுத்தால் டிவிக்காரர் பாதியில் வாயை மூடிக்கொள்கிறார். இந்த வயதில் என்னை நேராக உட்காரவைக்க ஓர் ஒயர் வேண்டியிருக்கிறது.

உனக்கு இதையெல்லாம் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, போனை மைக் பக்கத்தில் வைத்து, நான் திடீரென்று உனக்குப் பதில் சொல்லி உன்னைத் திகைக்கவைக்க வேண்டும் என்று அப்பாவின் திட்டம். குழந்தை மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் நீ அதற்கு முந்தின நாளே, நான் சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாய்.

ஒயர்காரர் புறப்படும்போது என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்போது அவருடைய ஏணியைக் கீழே கொண்டுபோய் வைக்கப் போயிருந்தார். அக்கா, இதுக்குச் சுவர் ஒரு தடை இல்லை, ஒயரைத் தாண்டி அந்தப் பக்கமும் கொஞ்ச தூரம் வரும், உங்க சமையலறையிலகூடக் கேக்கும், ரகசியம் பேசறதா இருந்தா மைக்கை அணைச்சுடுங்க என்றார். நம் வீட்டில் என்ன ரகசியம் என்று நினைத்து நான் அதை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

நீ கூப்பிட்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். டிவி பார்த்துவிட்டு மெஷினை 'டி'யிலிருந்து மாற்ற மறந்து வந்திருந்தேன். அப்பா வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். எதற்கு என்று பார்த்தேன். மைக் வந்த நாளிலிருந்து அவர் போன் அதன் ஸ்டாண்டில் சாய்ந்துதான் நிற்கிறது, பேசுவது எப்போதும் ஸ்பீக்கரில்தான், அது உனக்கே தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாகக் கதவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மைக்கை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

கண்ணு, நீ என் காதுக்குள் பேசினாய். ஈ இல்லை, தகர டப்பா இல்லை. நீயேதான். மூச்சை இழுத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிற உன் பழக்கம்கூட அப்படியே வந்தது. சந்தோஷப்படக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை நீ.

வார்டில் நோயாளிக்கு ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் உனக்குத் துடிப்பு கேட்கவில்லை என்றாய். பிரஷர் பார்க்கப் பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிட்டுச் சமாளித்ததைச் சொன்னாய். காது டாக்டரிடம் காட்டியதைச் சொன்னாய். இரண்டு காதும் இறங்கிக்கொண்டு வருகிறது, இது அம்மா வழியில் வந்தது என்று அவர் சொன்னதையும் சொன்னாய். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா, தன்னாலதான்னு நினைச்சு உடைஞ்சுபோயிடுவாங்க என்று சொல்லி அழுதாய். நடுவில் கீழே விழுந்த கத்தியை எடுக்கக் குனிந்தேன், உன் குரல் போய்விட்டது. பதறிப்போய் நிமிர்ந்தேன், வந்தது. அதற்குப் பிறகு நான் அசையவே இல்லை. தலையைத் திருப்பினால் நீ போய்விடுவாயோ என்று சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தேன்.

நீ வைத்த பிறகு அப்பா மூக்கைச் சிந்துவதும் பெருமூச்சு விடுவதும் கேட்டது. பிறகு கதவைத் திறந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, வழக்கம்போலக் கத்தினார். நல்லா இருக்காளாம், சாப்பிட்டாளாம், உன்னைக் கேட்டாளாம். மெஷின் 'டி'யில் இருந்ததால் அது எனக்குக் கேட்கக்கூட இல்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கண் ஏன் சிவந்திருக்கு என்று அவர் கேட்கவில்லை. வெங்காயம் கையில் இருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே வசதியாகப் போயிற்று.

மறுநாள் ஞாயிறு, திட்டப்படி நான் சேலையெல்லாம் மாற்றிக்கொண்டு ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெட்டியில் ஏதோ ரிப்பேர், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அப்பா. ப்ளக்கைப் பிடுங்கிச் சோபாவுக்கு அடியில் தள்ளியிருந்தார். உன் குரல் உடைந்தால் எனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர் மூன்று பின் ப்ளக்கை மறைக்கிறார். நானும் பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டேன். பாவம், அன்றிலிருந்து பாத்திரம் கழுவித் தருகிறார். சும்மா உட்கார்ந்து என் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் உடைந்துதான் போனேன். அன்று பகல் முழுக்க. உன்னிடம் பொய் எதற்கு. சாயங்காலம் விளக்குப் போடும்போது ஒன்று தோன்றியது. எனக்கும் இது என் அம்மாவிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும். அவளை நான் ஒரு நாளும் குறை நினைத்ததில்லையே. நீ மட்டும் என்னைக் குறை நினைக்கவா போகிறாய் என்று மனசு ஆறிவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்லிவைத்தவர்கள் காதை மட்டும் விட்டுவிட்டா சொன்னார்கள். என் மூக்கு உனக்கு வந்தபோது எல்லோரும் மெச்சினார்கள். காதும் வந்திருக்கிறது. வந்ததை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

நான் செய்ததை மட்டும் நீ செய்யாதே. கேட்காமலே சிரித்துத் தலையாட்டிக்கொண்டு இருக்காதே. அப்படித் தலையாட்டித்தான் பக்கத்து வீட்டுப் பூனையை ஒரு மாதம் வைத்துக்கொள்ள நான் சம்மதித்திருந்தேன். நான் தலையாட்டியதில் வந்தது பூனை, உன் வேலையில் வருவது நோயாளி. அதனால் உன் தலைமை நர்ஸிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. சத்தத்தைக் கூட்டித் தருகிற ஸ்டெத்தாஸ்கோப் இருக்கிறதாம், காது பரிசோதிக்கிற பெண்ணிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டுவைத்தேன். மெஷின் வாங்கும்போது 'டி' இருக்கிறதா என்று கேள். இருக்கிறது என்றால் போட்டுவிட்டார்களா என்றும் கேள். வாய் திறந்து கேட்காவிட்டால் எவரும் போட்டுத் தரமாட்டார்கள். வாயாடி என்று உனக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. அம்மாகிட்ட நானே பேசறேன், ஏற்பாடு பண்ணுங்க என்று சொல். நான் எழுதியதைச் சொல்லாதே. உன் ரகசியத்தை அவர் காப்பாற்றினார் என்றே இருக்கட்டும், அந்த மனுஷனுக்கு அதாவது மிஞ்சட்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து என்னிடம் சொல். நான் முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொள்கிறேன். கத்த வேண்டாம். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல். கத்தியை எடுக்கக் குனிந்தபோது நீ சொன்னது எனக்குத் தவறிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டுவிடாதே.

இன்னொன்று. நீ இருக்கிற வீட்டு ஹாலின் நீளம், அகலம் அளந்து எழுது. கதவு எந்தப் பக்கம், கரண்ட் ஒயர் எந்தச் சுவரில் என்றும் எழுது. இப்போதே எதற்கம்மா என்று சிணுங்காதே. அப்பாவுக்கு ஒரு வேலை வேண்டும், இங்கேயே இருந்தால் பார்த்துப் பார்த்தே என் காதைத் தேய்த்துவிடுவார். அளவு வந்ததும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன். முடிச்சுப் போடாமல் ஒயர் இழுக்க இப்போது அவருக்குத் தெரியும். சுவரை ஒட்டி அள, நடுவில் நின்று கண்ணால் பார்த்து எழுதாதே. உன் அப்பாவின் அவசரமும் உனக்கு உண்டு.

நன்றாகச் சாப்பிடு. நைட் டூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கு. நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளவை மட்டும் சீக்கிரம் எழுதிப் போடு, கண்ணு. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ மெதுவாகப் பேசுவதைக் கேட்க வேண்டும் எனக்கு.

என்றும் உன்,
அம்மா