மெயின் ஜெட்

ஜனவரி 7, செவ்வாய்

இன்ஜின் வந்துவிட்டது. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி, போர்ட் பிளேரில் ஒன்பது நாள் தூங்கி, இன்றைக்குத்தான் அந்தமானின் இந்தக் கோடியில், மாயாபந்தருக்கு வந்தது. பார்சல் இறக்கியவன் பெட்டியைத் தலைகீழாகப் போட்டான். சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். "சோடோ பாய், சோடோ", விட்டுவிடு அண்ணா என்று இந்தியில் கெஞ்சினான். கோபம் அவன்மேல் இல்லை. பீட்டர்மேல்.

பீட்டர் என் தங்கச்சி கேத்தரினைக் கட்டியவன். சென்னையில் நர்ஸாக இருக்கும் ஷீபா அவளுடைய பள்ளித் தோழி. தன்னைக் கேட்காமல் ஷீபாவோடு போனில் பேசினாள், யாரோடு என்று கேட்டும் பெயரைச் சொல்லவில்லை என்று, கிறிஸ்மஸும் அதுவுமாக அவள் வாயில் குத்தினான். முன்பல் இரண்டு போயிற்று. இப்போது கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சேற்றில் பைக் பந்தயம். அறுவடை முடிந்த வயலில் வருஷா வருஷம் நடக்கும். பீட்டர் தவறாமல் ஓட்டுவான். மூன்றாவது வளைவில் கரையை ஒட்டித்தான் திரும்புவான். கரைக்குக் கீழே பதினைந்து அடிப் பள்ளம், முழுக்கக் கருங்கல். அங்கே பக்கத்தில் போய் ஒரே இடி. பந்தயத்தில் விழுந்து செத்தான் என்றுதான் எழுதுவார்கள். என் குட்டி டர்ட் பைக்கை வைத்துக்கொண்டு அவனை எட்டிப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் இந்த இன்ஜின்.

எழுதிவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது.

ஜனவரி 11, சனி

நூறு சிசியை இறக்கி நூற்று நாற்பதை ஏற்றினேன். கீழ்ப் போல்ட் துளை பொருந்தவில்லை. பிளேட் வெட்டி வெல்டிங் வைத்தேன். கழுத்தில் தீப்பொறி விழுந்து கொப்புளம். கார்புரேட்டரும் புதிது, பத்தொன்பது மில்லியிலிருந்து இருபத்தாறுக்கு. காற்றை அதிகம் இழுக்கும், அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும். அதை அளந்து விடுவது மெயின் ஜெட். நடுவில் ஓட்டை போட்ட பித்தளைத் திருகு, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. வண்டி சும்மா உறுமும்போது அதற்கு வேலையே இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதுதான் அதன் ராஜ்ஜியம்.

என் தடி விரலுக்கு அது அகப்படுவதில்லை. கேத்தரின் மாட்டினாள். இப்போது நான் நடத்தும் படகு இன்ஜின் கடை அப்பாவிடம் இருந்தபோது, பத்து வயதிலிருந்து அங்கே ஜெட் துடைத்தவள். பீட்டர் கடலுக்குப் போகும் நாளாகப் பார்த்து வருகிறாள். ஒரு ஓட்டம் விட்டு வந்து பிளக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்குண்ணே. பெட்ரோல் பத்தல. இப்படியே முறுக்குனா பிஸ்டன் பிடிச்சுக்கிடும்."

வண்டி எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 16, வியாழன்

நூற்றைந்தாம் நம்பர் ஜெட். பிளக் பிஸ்கட் நிறம், பெட்ரோல் அளவு சரி. வண்டி கத்துகிற கத்தலில் தெருவே கதவைச் சாத்துகிறது. சாத்தட்டும்.

ஜனவரி 20, திங்கள்

படகுத்துறையில் பீட்டர். "என்ன மச்சான், சின்னப்பிள்ள வண்டியில வாரியாமே" என்றான். முதலில் அடித்தது நான்தான், அதில் பொய் இல்லை. மூக்கு உடைந்து அவன் சட்டையெல்லாம் ரத்தம். துடுப்பை எடுத்து என் விலாவில் சாத்தினான். விழுந்த பிறகும் சாத்தினான்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். "உன் பொண்டாட்டிதாம்ல கார்புரேட்டர் மாட்டிக் குடுத்தா. நீ என் பின்னால சேறுதான் தின்னுவ."

உடனே அடிப்பதை நிறுத்திவிட்டான். துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். ஓடிப்போய் மறித்திருக்க வேண்டும். விலா வலியில் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கேத்தரினுக்கு இடது காது இனிக் கேட்காதாம். கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள்.

"ஏண்ணே சொன்ன?" — இவ்வளவுதான் கேட்டாள்.

என் நாறவாய்தான். வேறு யார்?

ஜனவரி 30, வியாழன்

ஒரு வாரமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். பீட்டர் குடித்துவிட்டு ரோட்டில் நின்று கல்லெறிகிறான். சமையலறைக் கூரை ஷீட் இரண்டு துண்டு. கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன், பக்கத்து வீட்டு முருகையா இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தோடு வந்து, வண்டியின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாயை நீட்டி வைத்து வெல்டிங் செய்தேன். "இது எதுக்குண்ணே?" என்றாள். சொல்லிவிட்டேன். வளைவு, கரை, கருங்கல் எல்லாம்.

"அவன் செத்தா நீ ஜெயிலுக்குப் போவ. அப்ப நா யாருகிட்ட இருப்பேன்? என்னிய ஷீபாகிட்ட அனுப்பிரு, அது போதும்."

ஓடிப்போகிறாளாமே! அப்படியானால் நான் வாங்கிய அடி? அவள் பல்? அவள் காது? அவன் மட்டும் சட்டை மடிப்புக் கலையாமல் திரிவானா? — அறைந்துவிட்டேன். வாயில். ஈறிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் நானும் ஒன்றா? இல்லை. நான் அவளுக்காகச் செய்கிறேன். இல்லை என்றுதான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, சனி

சீலா மீன் குழம்பு வைத்தாள். ஷீபா பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. கார்புரேட்டரைத் தானே ஒருமுறை துடைத்து வைப்பதாகவும், காலையில் முதல் பூசைக்குப் போய்விடுவதாகவும், என்னை நேரே வயலுக்குப் போகும்படியும் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நாளை இந்நேரம் அவன் சவப்பெட்டியில் இருப்பான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன்.

வேனில் ஏற்றித்தான் வயலுக்குக் கொண்டுபோனேன். நிற்கும்போது நன்றாகத்தான் உறுமியது. கொடி விழுந்தது. முறுக்கினேன் — இருமியது. கறுப்புப் புகை. விட்டால் உறுமுகிறது, முறுக்கினால் மூச்சடைக்கிறது. பதினோரு வண்டியும் என்மேல் சேறடித்துவிட்டுப் போயின. மைக்கில் ஒருவன் "பச்சா காடி, பச்சா காடி", சின்னப்பிள்ளை வண்டி என்று சிரித்தான். பீட்டர் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். மூன்றாவது வளைவு, கரையை ஒட்டி, அப்படியே திரும்பினான். நான் அங்கே இல்லை.

டேங்கில் குத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. வலது கையில் இரண்டு விரல் முறிவு.

வீட்டுக்கு வந்தால் கேத்தரின் இல்லை. அவளுடைய பை ஒன்றையும் காணோம். விடிகாலை போர்ட் பிளேர் பஸ்ஸில் ஏறியதை முருகையா பார்த்திருக்கிறார்.

வண்டி சரியாக இருந்திருந்தால், பஸ்கள் படகேறக் காத்து நிற்கும் பாராடாங் துறை வரிசையிலேயே பிடித்திருப்பேன். பிடித்து இறக்கி —

இறக்கி என்ன செய்திருப்பேன்?

பிப்ரவரி 10, திங்கள்

ஒற்றைக் கையால் கார்புரேட்டரைத் திறந்தேன். பிளக் நனைந்து கரியாக இருந்தது. அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். மெயின் ஜெட் இல்லை. தளர்ந்து விழவில்லை, கழற்றி எடுத்திருக்கிறாள். அளந்து விட ஆளில்லாமல், முறுக்கும்போதெல்லாம் பெட்ரோல் கொட்டியிருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில்தான் முதலில்.

பிப்ரவரி 17, திங்கள்

பீட்டர் அவளைத் தேடி அலைகிறான். எனக்குத் தெரியாது என்று அவன் நம்பவில்லை. ஷீபாவிடம் போயிருப்பாள் என்பது என் ஊகம்தான், விலாசம் உண்மையிலேயே தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

தபாலில் ஒரு உறை. அனுப்பியவர் பெயர் இல்லை, சென்னை முத்திரை மட்டும். உள்ளே பஞ்சில் சுற்றிய ஜெட். ஒரு துண்டுக் காகிதம்.

"அண்ணே, நீ அவன இடிப்பன்னு மட்டும் எடுக்கல. என் பின்னாலயும் வருவன்னுதான் எடுத்தேன். பல்லு கட்டியாச்சு. வேலைக்குப் போறேன். இனி போட்டுக்கோ."

உறையையும் காகிதத்தையும் அடுப்பில் போட்டேன். ஜெட்டைச் சட்டைப் பையில் வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "எங்கல அவ?" என்றான். தெரியாது என்றேன். வாயில் குத்தினான். மறுபடி கேட்டான். தெரியாது. விழுந்ததும் விலாவில் உதைத்தான், பழைய இடமாகப் பார்த்து.

கைக்கெட்டும் தூரத்தில் இருபத்துநாலு ஸ்பேனர் கிடந்தது. ஒரு அடி போதும். ஆனால் என்னை எனக்குத் தெரியும். கை முதலில் போகும், வாய் பின்னாலேயே போகும். சென்னை என்று வந்துவிடும், ஷீபா என்று வந்துவிடும். வலது கையை மூடியே வைத்திருந்தேன். உள்ளே, அவன் ஷட்டரை இறக்கும்போதே பையிலிருந்து எடுத்த ஜெட். விரல் கூடி மூன்று நாள்தான், மூடினால் உயிர் போகிறது. மூடியே வைத்திருந்தேன்.

அடித்து அடித்து அவனுக்கே மூச்சு வாங்கியது. வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிக் குனிந்து கேட்டான்:

"என்ன மச்சான், பயந்துட்டியா?"

ஆமாம் என்றேன்.