காலரில் இருக்கும் ரோஜா மொட்டு

பாம்பெர்க்,
1912 நவம்பர் 18

என் செல்லப் பேத்தி ரெகினாவுக்கு, பாட்டி குனிகுண்டே முத்தங்களோடு எழுதுவது.

நான் நலம். முழங்கால்தான் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீ அனுப்பிய தேன்கேக் வந்தது. பாதியை உன் சித்தப்பா தின்றுவிட்டான். அதையும் நான் மறக்கப்போவதில்லை.

வைட்னர் அச்சகத்தின் பொன்விழா மலருக்காக நீ தட்டச்சு செய்த பக்கத்தை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். விளக்கேந்திய குழந்தையின் படம் போட்ட புத்தாண்டு வாழ்த்து அட்டைதான் இரண்டு இயந்திரத்தைப் பத்தொன்பதாக்கியது என்று இருக்கிறது. உண்மை. அதன் பன்னிரண்டாவது நிறமும், குழந்தையின் காலரில் உள்ள ரோஜா மொட்டும் எகீட் மேஸ்திரியின் யோசனை என்றும் இருக்கிறது. அது பொய். மலரை எழுதுகிறவர் அவர் மகன். பிறகு எப்படி இருக்கும்?

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அட்டைகளில் தங்கப்பொடி தட்டுகிற பெண்களில் ஒருத்தி. நெஞ்சில் பொடி தங்காமலிருக்க தினம் ஒரு குவளை பால் கொடுப்பார்கள். நிறத்துக்கு ஒரு அச்சுக்கல்லாகப் பதினொரு கல்லில் அந்தப் படம் அச்சாகி வந்தது. பனியில் நிற்கும் குழந்தைக்குப் பிணத்தின் முகம். மூன்று வாரத்தில் அட்டைகள் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டும். கன்னத்துக்கு இளஞ்சிவப்பில் இன்னொரு கல் போடச் சொன்னவள் நான்.

"பொடி தட்டுற கழுதை! பேரெழுதவே மூணு நாளாகும் உனக்கு, கலரு பேச வந்துட்டியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் பெயர் சொல்வேன். பெரிய முதலாளி வைட்னர் மட்டும் சிரிக்கவில்லை. "அவ சொல்றதையும்தான் பாத்துருவோமே மேஸ்திரி, ஒரு கல்லுதானே" என்றார்.

கல்லில் கன்னத்தை வரைந்தார்கள். "இங்க இல்லய்யா, இன்னும் மேல" என்று காட்டப்போய், என் கட்டைவிரல் காலர் இருக்கும் இடத்தில் பட்டுவிட்டது. அப்போதுதான் வெண்ணெய் ரொட்டி தின்றிருந்தேன். எண்ணெய்ப் பசை பட்ட இடத்திலெல்லாம் அந்தக் கல் மையைப் பிடித்துக்கொள்ளும் என்று உனக்கே தெரியும். அச்சடித்துப் பார்த்தால் குழந்தையின் முகத்துக்கு உயிர் வந்திருந்தது. வெள்ளைக் காலரில் ஓர் இளஞ்சிவப்புக் கறையும் வந்திருந்தது.

"பொம்பளையக் கல்லுகிட்ட விடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று மேஸ்திரி குதித்தார். முதலாளி லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சும்மா கத்தாதய்யா. பச்சைக் கல்லுல ரெண்டு இலை சேரு. ரோஜா மொட்டு ஆயிரும்" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. தொழில் கற்று முடித்த ஆண்பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுப்பார்களே, அன்றைக்கு என்னையும் முக்கினார்கள். சிரித்த அதே ஆட்கள்! அந்த அச்சகத்தில் தொட்டியில் நனைந்த பெண் நான் ஒருத்திதான். கல் தேயத்தேயப் படத்தைப் புதுக் கல்லுக்கு மாற்றினார்கள். பின்னால் அஞ்சலட்டையிலும் போட்டார்கள். ஒவ்வொன்றோடும் என் விரல் ஊர் ஊராகப் போயிற்று.

இதைச் சொன்னால் அச்சகத்தில் உன் வேலை போய்விடும், பேசாமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். நாற்பத்தோரு வருஷம் நான் பேசாமல் இருந்தது போதாதா கண்ணு? அடுத்த திங்கட்கிழமை மலர் அச்சுக்குப் போகுமுன் பழைய அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியிடம் போ. மொட்டின் மேல் லென்ஸ் வைக்கச் சொல். இதழென்று தெரிவதெல்லாம் விரல்ரேகை. குறுக்கே ஒரு வெட்டு ஓடும். காகிதம் வெட்டும் கத்தி பதினாறு வயதில் எனக்குப் போட்ட தழும்பு அது.

என் பெயரை இப்போது ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். ஆனாலும் கீழே கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன். கல்லில் பட்டது தாளில் இடம்வலம் மாறும்; அதனால் இதைக் கண்ணாடியில் பிடித்துக் காட்டு. சின்ன முதலாளியும் கல்லோடு வளர்ந்தவர்தான், புரிந்துகொள்வார்.

உன் கை நடுங்காமலிருக்கக் கடவுள் துணையிருக்கட்டும். நடுங்கினாலும் போ.

உன் பாட்டி,
குனிகுண்டே
(விரல் கீழே)