வெந்நீர்க் குளத்தின் உறுப்பினர் அட்டை

வெர்போவா,
மே 6

அன்பு ஒந்த்ரெய்,

உன் ஈஸ்டர் வாழ்த்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். என் மனைவி மார்கிதாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. வெந்நீர்க் குளத்தில் ஊறச் சொன்னார் மருத்துவர். சனிக்கிழமை போனோம். வாசலில் இருந்த பெண், "இன்னைக்கு கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும்தான், பெரியவரே" என்றாள். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பம் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போனது.

"அவங்க கார்டு எங்கம்மா? மூஞ்சிதான் கார்டுன்னு வாயத் தொறந்து சொல்லேன், கேட்டுட்டுப் போறேன்" என்றாள் மார்கிதா. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் ரோமாக்கள், ஊரார் வாயில் ஜிப்சிகள், என்பதால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். நீ சமத்துவ ஆணையத்தில் இருப்பதால் கேட்கிறேன்: இது புகாருக்கு உரியதுதானா? உனக்குச் சங்கடம் என்றால் விட்டுவிடு.

உன்
கெய்சா

*

தலைநகர்,
மே 14

என் கெய்சா,

விடுதி அறையில் கடைசி ரொட்டித் துண்டைக்கூட "உனக்கு வேண்டுமா" என்று கேட்டுவிட்டுத் தின்ற ஆள் நீ. இன்னும் மாறவில்லையே! புகாருக்கு உரியதா என்றா கேட்கிறாய்? இதற்காகத்தானே எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்!

உன்னைப் போல ஒருவருக்காகத்தான் காத்திருந்தோம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் நீ தனியாக நிற்காதே. உங்கள் தெருவில் திருப்பி அனுப்பப்பட்ட மற்றவர்களும் கையெழுத்திடட்டும். அப்போதுதான் அந்த வாசல் எல்லோருக்கும் திறக்கும். டிசம்பரில் எனக்கு ஓய்வு. அதற்குள் இதை முடித்துத் தருகிறேன், நம்பு.

மார்கிதாவின் கசகசா ரொட்டியை இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

உன்
ஒந்த்ரெய்

*

வெர்போவா,
ஜூன் 20

அன்பு ஒந்த்ரெய்,

வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு கதவையும் தட்டுமுன் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பக்கத்து வீட்டுத் திபோர் கொத்தனார். அந்தக் குளத்துக்கு ஓடு பதித்தவரே அவர்தான். "தண்ணி விட்டா ஒழுகுதான்னு பாக்க மட்டும் உள்ள விட்டாங்க, வாத்தியாரே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "கையெழுத்துப் போட்டா நாளைக்கு எனக்கு வேலை குடுப்பாங்களா?"

ஆணையத்தில் என் நண்பன் இருக்கிறான் என்றேன். "அப்பச் சரி, குடுங்க பேனாவ" என்றார். அவர் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

நேற்று ஒப்பந்தக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கொஞ்சம் விரைவுபடுத்த முடியுமா?

உன்
கெய்சா

*

தலைநகர்,
ஆகஸ்ட் 2

என் கெய்சா,

சோதனை முடிந்தது! எங்கள் வழக்கப்படி ஒரே நாளில் இரண்டு ஜோடிகளை அனுப்பினோம். வயது, உடை, கார் எல்லாம் ஒன்றுபோல். ரோமா ஜோடியிடம் அட்டை கேட்டார்கள். மற்ற ஜோடியிடம் கேட்கவில்லை. இதைவிடக் கெட்டியான ஆதாரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. திபோரிடம் பொறுமையாக இருக்கச் சொல்.

உன்
ஒந்த்ரெய்

*

தலைநகர்,
அக்டோபர் 28

என் கெய்சா,

நல்ல செய்தி. குளத்தின் நிர்வாகம் சமரசத்துக்கு வந்துவிட்டது. உனக்கும் மார்கிதாவுக்கும் ஆயுள் உறுப்பினர் அட்டை. உறையில் வைத்திருக்கிறேன்.

சோதனை அறிக்கை வெளிவராது. அது அவர்கள் கேட்ட நிபந்தனை. புதிய தலைவருக்குச் சண்டை பிடிக்காது, எனக்கும் திறந்த கோப்புகளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஆணையத்தின் முடிவை இணைத்திருக்கிறேன். நீ தயங்கிக்கொண்டே இருப்பாய் என்று தெரியும்; அதனால் மனுதாரருக்குத் திருப்தி என்று உன் சார்பில் நானே எழுதிவிட்டேன். இத்தனை வருட நட்பில் இந்த உரிமைகூட இல்லையா?

மற்றவர்கள் விஷயத்தை மெல்லப் பார்க்கலாம்.

உன்
ஒந்த்ரெய்

*

வெர்போவா,
நவம்பர் 15

மதிப்புக்குரிய ஒந்த்ரெய் அவர்களுக்கு,

முடிவைப் பல முறை படித்தேன். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மார்கிதாவையும் படிக்கச் சொன்னேன். "மனுதாரர் கல்வியும் தூய்மையும் உள்ளவர் என்பதை வாசல் பணியாளர் அறியாததால் நேர்ந்த பிழை" என்று இருக்கிறது. அப்படியானால் திபோரைத் தடுத்தது பிழையில்லை. குளத்துக்காரர்கள் இதுவரை வாய்விட்டுச் சொல்லாததை ஆணையம் முத்திரை போட்டுச் சொல்லிவிட்டது. எழுத்து நடை உங்களுடையது; எனக்குத் தெரியும்.

செய்தி தெருவுக்கு எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. திபோர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கார்டு வந்துடுச்சாமே வாத்தியாரே. தண்ணி நல்லா சூடா இருக்கா?" என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

மார்கிதாவின் கால் மேலும் வீங்கியிருக்கிறது. "நீ போய்வா, நான் தப்பாக நினைக்கமாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "போய் யார் முதுகுல ஏறி உக்காரச் சொல்றீங்க?" என்றாள். அட்டைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று திபோரையும் அழைத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தின் இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். தோற்கவும் கூடும், அதையும் திபோரிடம் முன்கூட்டியே சொன்னேன். வழக்கறிஞர் சிறு பெண். முதலில் குளத்தின் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு, "உங்க சம்மதம் இல்லாமலே உங்களுக்குத் திருப்தின்னு எழுதினது யாரு, ஐயா?" என்று கேட்டாள்.

திபோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

இப்படிக்கு,
கெய்சா துங்கா